உன் மாமனாருக்கு நான் கொடுக்க மறுத்த கடன்

தம்பி,

போன மாதம் நீ ஓசூரிலிருந்து போன் பண்ணி, கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தியைப் பிடித்திருக்கிறது, பெயர் பவித்ரா, நம்ம பக்கம்தான், வாடிப்பட்டி என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். சோலைராஜ், முன்பு அரிசி ஆலை வைத்திருந்தார் என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாய். நானும் வெயில், மழை, உன் சாப்பாடு என்று எதையாவது பேசி வைத்துவிட்டேன். கடைசியாக, "சாதியாம்மா உனக்குப் பிரச்சினை? நீயா இப்படி?" என்று கேட்டாய். குரல் உடைந்திருந்தது. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பொறுமையாகப் படி.

நீ எட்டாம், ஒன்பதாம் வகுப்பு படித்த இரண்டு வருடம் நான் வீட்டில் இல்லை. ராமநாதபுரம் பக்கம் எங்கள் வங்கியின் ஒரு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவேன். நாம் மூன்று பேரும் ஒரே வண்டியில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை போவோம். என் பையை நீதான் மடியில் வைத்துக்கொண்டு வருவாய். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அங்க போகலேன்னா என்னம்மா செய்வாங்க?" என்று கேட்டாய். "புரமோஷன்டா, போய்த்தான் ஆகணும்" என்றேன். நீ அதை நம்பி, பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அது புரமோஷன் இல்லை. சோலைராஜுக்குக் கடன் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக என்னை அங்கே அனுப்பினார்கள்.

அப்போது நான் வாடிப்பட்டிக் கிளையில் மேலாளர். அந்தக் கிளையில் அவர்தான் பெரிய வாடிக்கையாளர். உள்ளே வந்தாரென்றால் வாசலில் நிற்கும் காவலாளியில் தொடங்கி காசாளர் வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் என் அறைக்கு வருவார். பெரியாற்றுக் கால்வாய் பாய்கிற நிலம் அவர்களுக்குத் தலைமுறையாக இருந்தது. நெல்லை விற்பதைவிட அரைத்து அரிசியாக விற்றால் என்ன என்று யோசித்து ஆலை போட்டார். எங்கள் வங்கிதான் கடன் கொடுத்தது. நன்றாக ஓடியது, தவணை ஒருநாள் தவறாது. அந்தத் தைரியத்தில், நான் அங்கே போவதற்கு முன்பே, புதுப் பாய்லர், அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கிற இயந்திரம் என்று இரண்டாவது ஆலையும் போட்டுவிட்டார். அதற்கும் கடன் எங்களுடையதுதான். பிறகு தொடர்ந்து இரண்டு வருடம் கால்வாயில் தண்ணீர் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் நெல்லே இல்லை. வெளியூரிலிருந்து லாரியில் நெல் கொண்டுவந்து அரைத்துப் பார்த்தார். லாரி வாடகைக்கே லாபம் போய்விட்டது. தவணை நின்றது.

நீ வங்கிக்காரன் இல்லை என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் வட்டியோ தவணையோ வரவில்லை என்றால் அந்தக் கணக்கை வாராக்கடன் என்று எழுத வேண்டும். எழுதினால் கிளைக்குக் கெட்ட பெயர். மேலாளரிடம் விளக்கம் கேட்பார்கள். வட்டார அலுவலகத்தில் இருப்பவரை அவருக்கு மேலே இருப்பவர் கேட்பார். எழுதாமல் தப்பிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே ஆளுக்கு இன்னொரு கடனைக் கொடுத்து, அந்தப் பணத்திலிருந்தே பழைய வட்டியைப் பிடித்துக்கொள்வது. கணக்கு உயிரோடு இருப்பதுபோல் தெரியும். வருடக் கணக்கு முடிகிற மார்ச் மாதம் நல்லபடியாகக் கழியும். அடுத்த மார்ச்சுக்கு அதைவிடப் பெரிய கடன் தேவைப்படும், ஆனால் அப்போது வேறு மேலாளர் இருப்பார். அரசு வங்கிகளில் கோடி கோடியாக மூழ்கிப்போனதென்று பத்திரிகையில் படிக்கிறாயே, அதில் திருட்டும் உண்டு, பெரிய இடத்துச் சிபாரிசும் உண்டு. ஆனால் நான் என் கண்ணால் பார்த்தவற்றில் நிறைய இப்படிப் போனவைதான். யாரும் களவு செய்ய நினைத்திருக்க மாட்டார்கள். இந்த வருடம் தன் தலைமேல் விழாமல் இருந்தால் போதும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி கடைசியில் சோலைராஜ் வந்தார். உட்கார்ந்ததும், "மேடம், மேக்கொண்டு ஒரு நாப்பது லட்சம் குடுத்தீங்கன்னா பழைய வட்டியையும் நேர் பண்ணிட்டு நெல்லும் வாங்கிப் போட்ருவேன். தண்ணி மட்டும் வந்துட்டா ஒரே போகத்துல எல்லாத்தையும் கட்டிருவேன்" என்றார்.

"தண்ணி வரலேன்னா?"

"வராமப் போயிருமா?"

"ரெண்டு வருசமா வரலியே சார். நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ரெண்டாவது மில்ல வித்துருங்க. மிஷின் புதுசா இருக்கு, இப்ப நல்ல வெலைக்குப் போகும். பெரிய கடன் அடைஞ்சிரும். பழைய மில்லும் வீடும் உங்களுக்கு நிக்கும்."

மில்லை விற்றால் ஊர் என்ன பேசும் என்றார். நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, மார்ச் வருது. இம்புட்டுப் பெரிய கணக்கு உங்க பிராஞ்சுல விழுந்தா உங்களுக்கும் நல்லதில்ல, எங்களுக்கும் நல்லதில்ல. பாத்துச் செய்ங்க" என்றார். எழுத்தில் உத்தரவு கொடுங்கள் சார், செய்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார். எனக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கிளையில் பணம் போட்டிருந்தவர்களை எனக்கு முகம் தெரியும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் மூத்த மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்தார். மாசாமாசம் வந்து வட்டி ஏறிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போவார். நான் சோலைராஜுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் மாதிரி ஆட்கள் போட்ட பணம். திரும்பி வராது என்று தெரிந்தே அதை எப்படிக் கொடுப்பேன்?

மார்ச் இரண்டாவது வாரம் சோலைராஜ் மறுபடி வந்தார். இந்தத் தடவை யாரையும் விசாரிக்கவில்லை. நான் முடியாது என்று சொன்னதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் அறைக்குக் கண்ணாடிக் கதவு, அதுவும் திறந்துதான் இருந்தது. வெளியே வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். "எங்க வயல்ல களை பறிச்ச வீட்டுப் பிள்ள நீ. நாங்க அளந்து போட்ட நெல்லுல வளந்த கூட்டம். எனக்கு நீ இல்லேங்கிறியா?" என்றார். காசாளர் நோட்டு எண்ணுகிற மிஷினை நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, தம்பி. உன் அம்மாச்சி அவர்கள் வயலில் களை பறித்தவள்தான். நாற்று நட்டவள்தான். அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, உன்னிடமும் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் என் அம்மாவின் உழைப்பை என் முகத்தில் காறித் துப்புகிற மாதிரி ஒருவர் எடுத்து வீசியது அதுதான் முதல் தடவை. "ஆமா சார். களை எடுக்க வேண்டிய இடத்துல எடுக்கணும்னு எங்களுக்குத் தெரியும்" என்று பதில் சொன்னதாகப் பிறகு பல தடவை மனசுக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு, அடுத்து யார் என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு வந்தது. எனக்குப் பின்னால் வந்த மேலாளர் அவர் கேட்ட நாற்பதையும் கொடுத்தார், மறுவருடம் அதற்கு மேலும் கொடுத்தார் என்று பழைய காசாளர் போனில் சொன்னார். கால்வாயில் ஒரு வருடம் தண்ணீர் வந்தது. ஆனால் அதற்குள் கடன் ஆலையைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது.

சில வருடம் கழித்து நிஜமாகவே எனக்குப் புரமோஷன் வந்து, மதுரையிலேயே வாராக்கடன் வசூல் பிரிவில் உட்கார்த்தினார்கள். அந்தச் சமயத்தில்தான், இனி எந்தக் கணக்கையும் மூடி மறைக்கக் கூடாது, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள் என்று மேலிருந்து கண்டிப்பு வந்தது. எங்கெங்கோ ஒளித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது. அதில் வாடிப்பட்டிக் கணக்கும் ஒன்று. ஆலைகளையும் வீட்டையும் வங்கி எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் ஒட்ட வேண்டும். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று உனக்கு உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது. ஜீப்பில் சமயநல்லூர் தாண்டிப் போகும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

இரண்டு ஆலைகளிலும் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். கூட ஒரு போலீஸ்காரரும், ஒட்டியதைப் படமெடுக்க ஒரு போட்டோகிராபரும் இருந்தார்கள். சோலைராஜ் கைலியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். "நீங்களா" என்றார். பசையைத் தடவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேட்டை நாங்கள் மறித்துக்கொண்டு நின்றதால் அவளால் வெளியே போக முடியவில்லை. போட்டோ எடுத்து முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றாள். வரும்போது எனக்குள் இருந்த சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. நீ சோலைராஜ் பெயரைச் சொன்னதும் நான் ஏன் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அந்தச் சைக்கிள் பெண்தான் பவித்ரா.

நோட்டீஸ் பத்திரிகையிலும் வந்தது, பெயரோடு, முகவரியோடு. அதோடு முடியவில்லை. பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் ஏமாற்றியவரா என்று விசாரித்து அறிக்கை கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்கள். அப்படி எழுதிவிட்டால் அந்த ஆளால் வாழ்நாளில் எழுந்திருக்க முடியாது. மேலே இருப்பவர்களுக்கு அது வசதி. ஏமாற்றுக்காரனிடம் ஏமாந்துவிட்டோம் என்று சொன்னால், கொடுத்தவர்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் பல வாரம் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதினேன். ஆலையும் வீடும் ஏலத்தில் போயின. பூட்டிக் கிடந்து துருவேறிய இயந்திரங்களை யார் நல்ல விலைக்குக் கேட்பார்கள்? கடனில் கொஞ்சம்தான் தேறியது. மற்றதை வங்கி நஷ்டமாக எழுதியது. அப்படி எழுதிய நஷ்டத்தை ஈடுகட்ட அரசாங்கம் வங்கிகளுக்குப் பணம் போட்டது. அது ஊர்க்காரர்கள் கட்டிய வரி. தீப்பெட்டி வாங்கியவன் கொடுத்த காசும் அதில் இருக்கும்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு உன்னிடம் என்ன பேசுவது? அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கு வந்தால் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எது ஞாபகம் வரும்? அவள் அப்பாவைச் சம்பந்தி என்று நான் எப்படிக் கூப்பிடுவேன்? உன் அப்பாதான், "இங்கயே உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருந்தா ஒன்னும் விளங்காது. ஒருதரம் போய்ப் பாத்துட்டு வா" என்றார். நீ அனுப்பியிருந்த நம்பருக்கு நானே போன் பண்ணினேன். பவித்ராவிடம் நான் யார் என்பதை மறைக்காமல் சொல்லி, உங்க அப்பாவிடம் சொல்லி, நான் வரலாமா என்று கேள் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். பிறகு கூப்பிட்டு, "வரச் சொல்றாரு" என்றாள். உன்னிடம் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அவளும் உன்னிடம் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன். அதற்காக அவளைக் கோபிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். திருப்பரங்குன்றத்தில் மாடியில் ஒரு சின்ன வாடகை வீடு. சோலைராஜ் இப்போது வேறொருவருடைய அரிசி மூட்டைக் கிட்டங்கியில் சம்பளத்துக்கு மேற்பார்வை பார்க்கிறார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். ஓசூரிலிருந்து வந்திருந்த பவித்ரா உள்ளே இருந்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் போனேன், ஆனால் பேச்சு பழைய விஷயத்தில்தான் தொடங்கியது. அவர்தான் முதலில் பேசினார்.

"மேடம், கடனப் பத்தி நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல. அது கணக்கு. அன்னைக்கு பேங்க்ல சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேக்கணும். உங்க அம்மா எங்க வயல்ல நின்ன நிலையை நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அதச் சொல்ல எனக்கு வாய் வந்துருச்சே."

பரவாயில்லை என்று சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் அது பரவாயில்லை என்கிற விஷயம் இல்லை. "கேட்டுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"நீங்க போன பெறகு வந்தவரு, கேட்ட ஒடனே குடுத்தாரு. அவரு மாதிரி நல்ல மனுசன் உண்டான்னு ஊரெல்லாம் சொன்னேன்" என்றார். "அந்தப் பணந்தான் மேடம் என் வீட்டக் கொண்டுபோச்சு."

பிறகு உங்கள் விஷயத்துக்கு வந்தோம். அவருடைய பங்காளிகள் யாரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள் என்றார். "வராட்டிப் போகட்டும். நான் விழுந்து கெடந்தப்பயும் எவனும் வரல" என்றார். நம் பக்கத்து ஆட்களிலும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அப்புறம் தயங்கித் தயங்கி, நகைக்கும் மண்டபத்துக்கும் ஒருவரிடம் வட்டிக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். வங்கியில் அவருக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். எந்த ஆள், என்ன வட்டி என்று விசாரித்தேன். கேட்டதும் பதறிவிட்டேன். "வேணாம். இந்தக் கல்யாணத்துக்கு ஒத்த ரூபா கடன் வாங்கக் கூடாது. வாங்கினா நான் சம்மதிக்க மாட்டேன். கோயில்ல வச்சு மாலை மாத்திக்கட்டும். சாப்பாட்டுச் செலவு ஆளுக்குப் பாதி" என்றேன். அவர் மனைவி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "ஒரு தடவ இவுக சொன்னதக் கேக்காம அனுபவிச்சது போதும். சரின்னு சொல்லுங்க" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். அவரும் சரி என்றார்.

ஆகவே உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தேதி பார்க்க அவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். நீ லீவு போட்டுக்கொண்டு வந்துவிடு. உனக்குப் புத்தி சொல்ல நிறைய இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன், இப்போது ஒன்றிரண்டுதான் தோன்றுகிறது. கல்யாணம் ஆனதும் வீடு, கார் என்று கடன் கொடுக்க ஆள் மேல் ஆள் போனில் கூப்பிடுவார்கள். கொடுக்கிறவன் சிரித்த முகமாக இருக்கிறான் என்பதற்காக வாங்காதே. உன்னிடம் முடியாது என்று சொல்கிறவர் மேல் உடனே கோபப்படாதே. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்க ஒருநாள் எடுத்துக்கொள். உன் மாமனாரிடம் ஆலையைப் பற்றி நீயாகப் பேச்செடுக்க வேண்டாம். அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேள்.

இன்னொன்றும் நடந்தது, அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் கிளம்பும்போது பவித்ரா பஸ் ஸ்டாப் வரைக்கும் வாரேன் என்று கூடவே இறங்கி வந்தாள். சந்நிதித் தெருவில் முகூர்த்தக் கூட்டம். ஸ்டாப்புக்கு வந்து நின்றதும், "அத்தை, ஒன்னு கேக்கலாமா?" என்றாள். கேள் என்றேன்.

"எங்க அப்பா ஏமாத்துக்காரரா?"

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்களாம். பேப்பரில் வந்த மறுநாளே ஒரு பிள்ளை அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து வகுப்பில் காட்டியிருக்கிறது. அப்பாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

"உங்க வீட்ட எடுத்தது நான்தாம்மா. அந்தக் கணக்க முழுசாப் பாத்ததும் நான்தான்" என்றேன். "உங்க அப்பா ஒரு ரூபா ஒளிச்சு வைக்கல. வாங்கின பணம் பூரா மில்லுக்குள்ளதான் போயிருக்கு. நெல்லு குடுத்த சம்சாரிகளுக்குப் பாக்கி வைக்கக் கூடாதுன்னு உங்க அம்மா நகைய வித்துக் குடுத்திருக்காரு. நிலத்தையும் வித்திருக்காரு. தப்பாக் கணக்குப் போட்டாரு, சொன்னதக் கேக்கல, திமிராவும் பேசினாரு. ஆனா ஏமாத்தல. மேல கேட்டப்ப இதத்தான் நான் எழுதிக் குடுத்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எழுதிக் குடுத்தீங்களா? அது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதா?"

"விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒன்னுமே வரல. ஏமாத்துனவன்னுதான் பேங்க்ல முடிச்சுட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்காரு."

பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தோம். மூட்டு வலியோடு அந்த மாடிப் படியை மறுபடி ஏறினேன். சோலைராஜ் நாற்காலியை மடக்கி வைத்துக்கொண்டிருந்தார். எதையாவது மறந்துவிட்டேனா என்று கேட்டார். நின்றபடியே, பவித்ராவிடம் சொன்னதை அவரிடமும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். நாற்காலியைத் திரும்ப விரித்து என்னை உட்காரச் சொன்னார். பிறகு அடுப்படியைப் பார்த்து, "ஏய், இங்க வா. மேடம் சொல்றத நீயும் கேளு" என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அம்மா